கம்பி இழுத்தவர்கள்: ரோப்லிங் ஆலையும் அதன் ஊரும்

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைத் தாங்கும் பெரிய வடங்களுக்குள் மோசடிக் கம்பி இருக்கிறது. 1883 மே 24 அன்று பாலம் திறக்கப்பட்டபோதே இருந்தது, இன்றும் இருக்கிறது. தரச் சோதனையில் தேறாமல் ஒதுக்கப்பட்ட எஃகுக் கம்பி, 200 டன்னுக்கு மேல், நல்ல கம்பியோடு கலந்து வடத்துக்குள் போய்விட்டது. கண்டுபிடித்தபோது அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

நடந்தது இதுதான். 1876-ன் கடைசியில் வடக் கம்பிக்கு டெண்டர் கேட்டார்கள். பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங். அமெரிக்காவில் கம்பிக்கும் கம்பிக் கயிற்றுக்கும் பேர்போன ஆலை, ட்ரென்டன் நகரில் இருந்த அவருடைய குடும்ப ஆலை. பால நிர்வாகக் குழுவில் இருந்த ஏப்ரம் ஹெவிட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பாலப் பணியில் பொறுப்பு வகிக்கும் எவருக்கும் பங்குள்ள நிறுவனத்தின் டெண்டரை ஏற்கக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரோப்லிங் தம் பங்குகளை விற்றுவிட்டார். ஆனாலும் ஒப்பந்தம் புரூக்ளினைச் சேர்ந்த ஜே. லாய்டு ஹெய்க் என்பவருக்குப் போனது. ஹெவிட்டுக்கும் ஹெய்குக்கும் இடையே கடன் விவகாரம் இருந்தது என்று ரோப்லிங் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெய்கின் ஆலையிலேயே பாலத்தின் ஆய்வாளர்கள் கம்பியைச் சோதித்தார்கள். தேறிய காயில்களுக்குச் சான்றிதழ் கொடுத்து வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வண்டி நேராகப் பாலத்துக்குப் போகவில்லை. வழியில் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தது. அங்கே நல்ல காயில்களை இறக்கிவிட்டு, கழிக்கப்பட்ட காயில்களை ஏற்றினார்கள். சான்றிதழ் அதேதான். இறக்கிய நல்ல காயில்கள் மறுபடி ஆலைக்குப் போய், மறுபடி சோதனைக்கு வந்து, மறுபடி தேறின. 1878 ஜூலையில் பொறியாளர்கள் தேறிய காயில்களுக்கு இரகசிய அடையாளமிட்டு, வண்டிக்குப் பின்னாலேயே போய் இதைப் பிடித்தார்கள்.

அப்போது வாஷிங்டன் ரோப்லிங் படுக்கையில் இருந்தார். ஆற்றடியில் அஸ்திவாரம் தோண்டிய அழுத்தக் காற்றறைகளில் இறங்கி ஏறியதில் வந்த நோய் அவரை முடக்கியிருந்தது. அவருடைய மனைவி எமிலிதான் அவர் சொல்வதை எழுதிப் பணியிடத்துக்குக் கொண்டுபோனார். வடத்தை ரோப்லிங் தேவையைப் போல ஆறு மடங்கு வலுவோடு வடிவமைத்திருந்தார். கெட்ட கம்பியைக் கழித்துக் கணக்குப் போட்டாலும் ஐந்து மடங்கு நிற்கும் என்று கண்டார். ஒவ்வொரு வடத்திலும் கூடுதலாகச் சுமார் 150 கம்பிகள் சேர்க்கச் சொன்னார். அந்தச் செலவு ஹெய்கின் தலையில் விழுந்தது. இப்போது ஒரு வடத்துக்கு 5,434 கம்பிகள்.

பால வரலாற்று நூல்கள் இதைப் பொறியாளரின் முன்யோசனைக்குச் சான்றாகச் சொல்கின்றன. அது உண்மை. ஆனால் இதே சம்பவம் இன்னொன்றையும் சொல்கிறது. நல்ல கம்பிக்கும் கெட்ட கம்பிக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பருமன், ஒரே துத்தநாகப் பூச்சு. ஒரு கம்பி 3,400 பவுண்டு இழுவையைத் தாங்குமா, அதில் பாதியிலேயே அறுந்துவிடுமா என்பது அதை இழுத்த ஆளுக்கும், சோதித்த ஆளுக்கும், நடுவில் ஏற்றி இறக்கிய ஆளுக்கும்தான் தெரியும். தொங்குபாலம் வரைபடத்தில் பிறக்கலாம். அதன் உயிர் கம்பி ஆலையில் இருக்கிறது. அந்த ஆலைகளில் மிகப் பெரியதான ஜான் ஏ. ரோப்லிங்ஸ் சன்ஸ் நிறுவனத்தையும் அதில் உழைத்தவர்களையும் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதையில் பாலங்களுக்குக் கிடைத்த காப்பு, அவற்றுக்குக் கம்பி இழுத்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

நிறுவனத்தைத் தொடங்கிய யோஹான் ஆகஸ்ட் ரோப்லிங் 1806-ல் ஜெர்மனியின் மியூல்ஹவுசனில் பிறந்தவர். பெர்லினில் பொறியியல் படித்தார். 1831-ல் அண்ணனோடும் ஊராரோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்ற விவசாயக் குடியிருப்பை அமைத்தார். விவசாயம் அவருக்கு ஒத்துவரவில்லை. அந்த மாநிலத்தின் கால்வாய்ப் படகுகளை அல்லெகெனி மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, சணல் வடத்தால் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விலை உயர்ந்த வடங்கள், சீக்கிரம் நைந்துபோயின; அறுந்தால் உயிர் போயிற்று. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834-ல் இரும்புக் கம்பியில் கயிறு முறுக்கிக் காட்டியிருந்தார். ரோப்லிங்கும் அதையே செய்துபார்த்தார்.

1841-ல் சாக்சன்பர்க் புல்வெளியில் அமெரிக்கக் கம்பிக் கயிற்றுத் தொழில் தொடங்கியது. ஆலை, கூரை எதுவும் கிடையாது; நீளமான ஒரு திறந்தவெளி மட்டும். அக்கம்பக்கத்து விவசாயிகளே கூலியாட்கள். புரி முறுக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். புரிகளைச் சேர்த்துக் கயிறாக்க அதைப்போல இரண்டு மடங்கு. வேலை வந்தால் வயலில் இருப்பவர்களுக்குச் சொல்லியனுப்பிக் கூட்டிவர வேண்டும். அத்தனை பேருக்கும் ரோப்லிங்கின் மனைவி யோஹானா சமைத்துப் போட்டார். மூத்த மகன் வாஷிங்டன் பிற்காலத்தில் தந்தையைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்புகளில் இந்தக் காட்சிகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கையில், அந்த விவசாயிகளின் கை பழகிய பழக்கம்தான் தொழிலின் முதல் மூலதனம் என்று தோன்றுகிறது. இயந்திரம் அதற்குப் பிறகுதான் வந்தது.

1849-ல் ஆலை நியூஜெர்சியின் ட்ரென்டனுக்குப் போனது. நிலக்கரியும் சரக்கும் வந்துபோகக் கால்வாயும் ரயிலும் அங்கே பக்கத்தில் இருந்தன, இரும்பாலையும் இருந்தது. ஆலை ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ரோப்லிங்கின் இடது கை கயிறு முறுக்கும் இயந்திரத்தில் சிக்கியது. அந்தக் கை பிறகு முழுமையாகத் தேறவில்லை. முதலாளி இயந்திரத்துக்கு அவ்வளவு அருகில் நின்ற காலம் அது. பாலம் கட்ட அவர் ஊர் ஊராகப் போனபோதெல்லாம் ஆலையைப் பார்த்துக்கொண்டவர் சார்லஸ் ஸ்வான். சாக்சன்பர்க்கிலிருந்தே கூட வந்தவர், மேஸ்திரியாக இருந்து மேலாளர் ஆனவர். நயாகரா அருவிக்குக் கீழே ரோப்லிங் கட்டி 1855-ல் ரயில் ஓடிய தொங்குபாலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்த வருடங்களில் ட்ரென்டனில் ஆலையை நிற்காமல் ஓட்டியவரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

கம்பி எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலின் திறமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. உலையில் உருகிய எஃகு கட்டியாகி, உருட்டாலையில் நசுங்கி நசுங்கி நீண்டு, சுண்டுவிரல் பருமனில் ராடாக வெளியே வரும். செந்தணலாக வரும் அந்த ராடை உடனே காயிலாகச் சுற்றிவிடுவார்கள். நேராக இழுத்தால் இந்த ராடு தாங்காது, அறுந்துவிடும். அதனால் முதலில் உலையில் மறுபடி சிவக்கச் சூடாக்கி, சுமார் 500 டிகிரி செல்சியஸில் உருகி நிற்கும் ஈயத் தொட்டிக்குள் ஓட்டுவார்கள். பர்மிங்ஹாமின் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் 1854-ல் காப்புரிமை பெற்ற முறை இது. ஈயம் அந்தச் சூட்டை ஒரே சீராக வாங்கிக்கொள்ளும். எஃகுக்குள் இரும்பும் கார்பைடும் மெல்லிய ஏடுகளாக அடுக்கடுக்காகப் படியும். இழுத்தாலும் அறாமல் நீளும் குணம் அந்த அடுக்கிலிருந்து வருகிறது.

அடுத்தது அமிலத் தொட்டி. ராடின் மேல் படிந்த கருஞ்செதிலைக் கந்தக அமிலம் தின்றுவிடும். அளவுக்கு மீறி ஊறினால் எஃகையும் தின்னும். அதைவிட மோசம், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்க வைக்கும். எப்போது தூக்க வேண்டும் என்பதைத் தொட்டிக்காரர் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார். தூக்கிக் கழுவி, சுண்ணாம்பு நீரில் முக்கி, காயவைத்தபின் ராடு இழுப்புக் கூடத்துக்குப் போகும்.

இடியாப்ப உழக்கில் மாவை உள்ளேயிருந்து அழுத்துகிறோம். இங்கே அழுத்துவதில்லை, மறுபுறம் பிடித்து இழுக்கிறார்கள். ராடின் நுனியைக் கூராக்கி, டை என்கிற துளைக் கட்டைக்குள் நுழைத்து, சுழலும் உருளையில் மாட்டுவார்கள். உருளை சுற்றச் சுற்ற ராடு துளைக்குள் நெருக்குண்டு மெலிந்து நீளும். துளைக்கு முன்னால் சோப்புப் பொடியோ கொழுப்போ இருக்கும், வழுக்கலுக்கு. ஒரு துளையில் முடிந்ததும் அடுத்த சிறிய துளை, அதற்கடுத்தது என்று வரிசையாகப் போகும். தணலில் காட்டாமல் குளிர்நிலையிலேயே இழுப்பதால் ஒவ்வொரு துளையிலும் கம்பியின் வலு கூடும். ஆனால் வலுவோடு கூடவே விறைப்பும் கூடும். ஒரு துளை அதிகமாகப் போனால் கம்பி உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும்; வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

டை தேய்வதுதான் இழுப்புக்காரரின் நிரந்தரக் கவலை. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் கம்பி பருத்துவிடும்; துளையில் கீறல் விழுந்தால் கம்பி முழுவதும் கீறிக்கொண்டே வரும். டங்ஸ்டன் கார்பைடு டைகள் 1920-களின் இறுதிக்குப் பிறகுதான் பரவின. அதற்கு முன்பு எஃகுத் தகட்டில் துளையிட்ட டைகள்தான். அவை தேயத் தேயச் சுத்தியலால் தட்டித் துளையைச் சுருக்கி, மறுபடி அளவுக்குத் துளைத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே தனி வேலைக்காரர்கள் இருந்தார்கள். ஓடும் கம்பியின் ஓசையையும் சூட்டையும் வைத்தே டையின் நிலையைச் சொல்லிவிடும் ஆட்கள் கம்பி ஆலைகளில் உண்டு. எந்தக் கையேட்டைப் படித்தும் அந்த அறிவு வந்துவிடாது. வருடக்கணக்கில் ஒரே உருளையின் பக்கத்தில் நின்றால்தான் வரும்.

ஆபத்தும் அங்கேயேதான் இருந்தது. இழுபடும் கம்பி அறுந்தால் அதன் நுனி சாட்டையாகத் திரும்பி அடிக்கும். கண்ணும் கையும் போகும். காயில் சிக்கினால் அதை விடுவிக்கப் போன விரல் உருளைக்குள் போகும். ஈய ஆவியும் அமில ஆவியும் மூச்சில் கலந்தன. துத்தநாகம் பூச, சுமார் 450 டிகிரியில் உருகி நிற்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நாள்முழுக்க நிற்க வேண்டும். அமெரிக்க எஃகுத் தொழிலில் 1923 வரை பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பரவலாக நடைமுறையில் இருந்தது. மேலே சொன்ன கவனத்தையெல்லாம் பன்னிரண்டாவது மணி நேரத்திலும் ஒரு மனிதர் வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் தொழில் எதிர்பார்த்தது.

கடைசியாகச் சோதனை. காயிலின் முனையில் ஒரு துண்டு வெட்டி இழுத்து அறுத்துப் பார்ப்பார்கள். இன்னொரு துண்டை முறுக்கி, எத்தனை முறுக்கில் அறுகிறது என்று எண்ணுவார்கள். வளைத்துச் சுற்றியும் பார்ப்பார்கள். அறுந்த முகம் எப்படி இருக்கிறது என்பதும் கணக்கு: நன்றாக நீண்டு கூம்பி அறுந்தால் நல்லது, சட்டென்று தட்டையாக முறிந்தால் அந்தக் காயில் கழிவு. ஹெய்கின் வண்டி ஏமாற்றியது இந்தச் சோதனையைத்தான்.

ஜான் ரோப்லிங் 1869-ல் புரூக்ளின் பாலத்துக்கு இடம் அளந்துகொண்டிருந்தபோது படகு மோதிக் கால் நசுங்கி, வில்வாத ஜன்னி கண்டு இறந்தார். பாலம் வாஷிங்டனிடம் வந்தது. ஆலையைத் தம்பிகள் இருவரும் வளர்த்தார்கள். ஃபெர்டினாண்ட் கணக்கையும் விற்பனையையும் பார்த்தார். சார்லஸ் இயந்திரங்களையும் கட்டடங்களையும் பார்த்தார். சந்தையும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. தந்தி, தொலைபேசிக் கம்பி, தெருவில் ஓடிய கேபிள் கார், சுரங்கத் தூக்கிகள், வானுயர்ந்த கட்டடங்களின் லிஃப்ட் என எல்லாவற்றுக்கும் கம்பியோ கம்பிக் கயிறோ வேண்டியிருந்தது. பாலத்தால் பெயர் கிடைத்தது. வருமானம் வந்தது இந்த அன்றாடச் சரக்கில்தான்.

ஆட்களும் மாறினார்கள். முதல் தலைமுறையில் ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். 1880-களுக்குப் பிறகு ஹங்கேரியர்கள், ஸ்லோவாக்குகள், போலந்துக்காரர்கள், இத்தாலியர்கள் வந்தார்கள். ட்ரென்டனின் சேம்பர்ஸ்பர்க் பகுதி இவர்களால் நிறைந்தது. ஒருவர் வந்து வேலையில் நின்றால், அண்ணன் தம்பி, மைத்துனன், அதே கிராமத்து ஆள் என்று பின்னாலேயே வந்தார்கள். ஆங்கிலம் தெரியாத புதிய ஆளுக்கு அமிலத் தொட்டியைப் பற்றியும் உருளையைப் பற்றியும் எச்சரித்தவர், அவருக்கு முன்னால் வந்த உறவுக்காரர்தான். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே வகுப்பு என்று நாம் இங்கிருந்து நினைத்துக்கொள்கிறோம். அந்தக் காலத்து அமெரிக்க ஆலைகளில் அப்படியில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்குச் சூடும் புகையும் மிகுந்த வேலை, ஆங்கிலம் பேசுபவருக்கு மேஸ்திரி வேலை என்பது எழுதப்படாத வழக்கமாக இருந்தது.

ட்ரென்டனில் இடம் போதாமல், 1904-ல் பத்து மைல் தெற்கே டெலவேர் ஆற்றங்கரையில் கின்கோரா என்ற இடத்தில் நிலம் வாங்கினார்கள். எஃகையும் இனிமேல் தாங்களே வார்ப்பது என்று திட்டம். 1906-ல் அங்கே எஃகு உருகியது. ஆனால் சுற்றிலும் வயல்தான். ஆயிரக்கணக்கான ஆட்கள் எங்கே தங்குவார்கள்? சார்லஸ் ரோப்லிங் ஆலையோடு சேர்த்து ஓர் ஊரையும் கட்டினார். ரோப்லிங் என்றே அதற்குப் பெயர் வந்தது. சுமார் 750 வீடுகள், பெரும்பாலும் செங்கல்லில், நேர்நேரான மரநிழல் தெருக்களில். பொதுக்கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, வங்கி, மதுக்கடை, பந்து விளையாடும் மைதானம் எல்லாம் இருந்தன. ஆற்றைப் பார்த்த பெரிய வீடுகள் அதிகாரிகளுக்கு. ஆலையை ஒட்டிய வரிசை வீடுகள் கூலிக்காரர்களுக்கு. பதவி உயர்ந்தால் தெருவும் மாறும்.

இதைத் தரும காரியம் என்று நிறுவனத்தார் சொல்லிக்கொண்டதில்லை. ஆள் வேண்டுமென்றால் வீடு வேண்டும் என்பதே கணக்கு. அந்த வீடுகள் அன்றைய ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளைவிட நன்றாகவே இருந்தன. வாடகை குறைவு, பழுதானால் நிறுவனமே ஆள் அனுப்பிச் சரிசெய்யும். ரோப்லிங்கில் வளர்ந்தவர்கள் அந்த ஊரைப் பாசத்தோடுதான் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்தப் பாசத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதற்காக, வீட்டுச் சாவியும் சம்பளப் பட்டியலும் ஒரே கையில் இருந்ததை மறைக்கவும் முடியாது. வேலை போனால் வீடும் போகும். முதலாளியோடு முரண்படுகிறவர், அன்றிரவு தம் குழந்தைகள் எங்கே படுக்கும் என்பதையும் யோசித்தாக வேண்டும்.

முதல் உலகப் போரில் ஆலை இரவு பகலாக ஓடியது. ஜெர்மனியின் நீர்மூழ்கிகளைத் தடுக்க 1918-ல் வட கடலில் போட்ட கண்ணிவெடித் தடுப்புக்குக் கம்பிக் கயிறு இங்கிருந்து போனது. ஜெர்மனியில் பிறந்தவரின் பெயர் தாங்கிய ஆலையில், ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்தவர்கள், அந்த நாடுகளுக்கு எதிரான போருக்குக் கம்பி இழுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனபோது பெண்கள் வந்து இயந்திரங்களின் பக்கத்தில் நின்றார்கள்.

இடையில் குடும்பம் தேய்ந்தது. ஃபெர்டினாண்ட் 1917-லும் சார்லஸ் 1918-லும் மறைந்தார்கள். சார்லஸின் மகன் 1912-லேயே டைட்டானிக் கப்பலோடு போய்விட்டார். அடுத்த தலைமுறையில் தலைமை ஏற்றவரும் 1921-ல் இறந்தார். அப்போது 84 வயதான வாஷிங்டன் ரோப்லிங் மறுபடி பொறுப்பேற்றார். பாதி வாழ்க்கையை நோயோடு கழித்த அந்த மனிதர் தினமும் டிராம் ஏறி அலுவலகம் போனார். ஆலையை மின்சாரத்துக்கு மாற்றும் வேலையை நடத்தினார். 1926-ல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

ஆலையின் உச்சம் அதற்குப் பிறகு வந்தது. 1931-ல் திறந்த ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு நான்கு வடங்கள், ஒவ்வொன்றிலும் 26,474 கம்பிகள். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு இரண்டு வடங்கள், ஒவ்வொன்றிலும் 27,572 கம்பிகள், வடத்தின் குறுக்களவு 36 அங்குலத்துக்கு மேல், மொத்தக் கம்பி நீளம் 80,000 மைல். பென்சில் பருமனைவிடக் கொஞ்சம் மெலிதான அந்தக் கம்பிகளை இரண்டு கோபுரங்களுக்கும் மேலாக முன்னும் பின்னும் ஓட்டி வடமாக அடுக்கும் வேலை 1935 அக்டோபரில் தொடங்கி 1936 மே மாதம் முடிந்தது. அது பெருமந்தக் காலம். நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் இருந்தபோது, டெலவேர் ஆற்றங்கரையில் இந்த ஒப்பந்தத்தால் அடுப்பெரிந்தது.

1947-ல் நிறுவனம் வீடுகளை விற்றது. குடியிருந்தவர்கள் பலர் வாங்கிக்கொண்டார்கள். முதன்முறையாகச் சாவி அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் அந்த வீட்டின் மதிப்பு, பக்கத்தில் ஆலை ஓடுகிறவரைதான். 1952-ல் ரோப்லிங் குடும்பம் ஆலைகளை கொலராடோ ஃப்யூயல் அண்டு அயர்ன் நிறுவனத்துக்கு விற்க முடிவு செய்தது. தொழிலாளிகள் வீடு வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. பழைய உலைகளைப் புதுப்பிக்கப் பெரிய முதலீடு வேண்டியிருந்தது. கடல் தாண்டி வந்த மலிவான எஃகும் கம்பியும் சந்தையைப் பிடித்தன. 1974-ல் அந்த நிறுவனம் ரோப்லிங் ஆலையை மூடியது. பிறகு வந்த சிறிய நிறுவனங்கள் சில வருடம் முயன்றுபார்த்து 1980-களின் தொடக்கத்தில் ஓய்ந்தன.

ஒரு வடத்தில் 27,572 கம்பிகள் வைத்தார்கள். ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும். ஆறு மடங்கு வலு வைத்துக் கட்டினார்கள். ஏமாற்றுக்காரன் ஒரு மடங்கைத் திருடினாலும் ஐந்து மிஞ்சும். இந்தச் சிந்தனையை உலகுக்கே கற்றுக்கொடுத்த நிறுவனம், தன் ஊரை மட்டும் ஒற்றைக் கம்பியில் தொங்கவிட்டது. அந்த ஊருக்கு இன்னொரு தொழில் வர வழிசெய்யவில்லை. ஐம்பது வயதில் வேலை இழந்த இழுப்புக்காரர் காதாலும் விரலாலும் கற்றுக்கொண்ட வித்தைக்கு அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ விலை கிடையாது. இதை யாரோ ஒரு கெட்ட முதலாளியின் குற்றமாக நான் பார்க்கவில்லை. பொருளின் பாதுகாப்பைக் கணக்கில் சேர்த்த அளவுக்கு, அதைச் செய்கிறவரின் பாதுகாப்பைக் கணக்கில் சேர்க்காத ஒரு தொழில்முறையின் குற்றம் அது.

ஆலை போனபின்பும் ஒன்று மிஞ்சியது. சுமார் 200 ஏக்கர் மண்ணில் ஈயமும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்திருந்தன. ஆற்றங்கரை நெடுக உலைக் கசடு கொட்டிக்கிடந்தது. 1983-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த இடத்தை நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் சேர்த்தது. கம்பியை வலுவாக்கிய அதே ஈயம் குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அருகில் கிடந்தது. சுத்தம் செய்யும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. ஆலையின் பிரதான நுழைவாயில் கட்டடம் மட்டும் காப்பாற்றப்பட்டு, 2009-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஷிஃப்டுக்கு வந்த ஒவ்வொரு தொழிலாளியும் நுழைந்த வாசல் அது. அருங்காட்சியகம் ஊர்க்காரர்களும் ஆலையில் வேலை பார்த்தவர்களும் முன்னின்று நடத்திய முயற்சி. அவர்களுடைய வாய்மொழி நினைவுகளும் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன.

ஆலை வரலாற்றை எழுத அமர்கிற எவரும் முதலில் முதலாளிகளின் கடிதங்களையும் காப்புரிமைப் பத்திரங்களையும் எடுக்கிறார்கள், ஏனென்றால் அவை பத்திரமாக இருக்கின்றன. இழுப்புக் கூடத்தில் நின்றவர் எதையும் எழுதிவைக்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டும், அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும். ரோப்லிங் ஊர் தாமதமாகவாவது அதைச் செய்தது. மூடப்பட்ட ஆலைகள் உள்ள எந்த ஊரும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

கோல்டன் கேட் பாலத்தில் பெரிய வடத்திலிருந்து தளத்தைத் தூக்கிப் பிடிக்கும் செங்குத்துக் கயிறுகள் அத்தனையும் 1972-க்கும் 1976-க்கும் இடையில் புதிதாக மாற்றப்பட்டன. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் ரோப்லிங் ஆலை மூடப்பட்டது. பெரிய வடங்கள் இரண்டும் மாற்றப்படவில்லை. அவற்றில் இருப்பது 1930-களில் ரோப்லிங் தொழிலாளர்கள் இழுத்துக் கொடுத்த அதே கம்பிதான்.